சின்னக் குழந்தைக்கும் ஊசி போடணுமா?

2022 ஜனவரி 3. நான் அப்போ ப்ளஸ் டூ. இந்தியா முழுக்க 15 முதல் 18 வயது வரை உள்ளவங்களுக்கு கோவிட் தடுப்பூசி ஆரம்பிச்ச நாள் அது. எங்க ஸ்கூலுக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் டீம் வந்தாங்க. கெமிஸ்ட்ரி லேப் வாசல்ல வரிசையா நிக்க வெச்சு, ஆதார் நம்பர் பார்த்து, இடது கையில கோவாக்சின் போட்டாங்க. போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொன்னாங்க. ரிவிஷன் டெஸ்ட் தள்ளிப்போனதுல எங்களுக்கு இருந்த சந்தோஷத்துக்கு முன்னாடி கை வலியெல்லாம் ஒண்ணுமே இல்ல.

அன்னைக்கு ராத்திரி அக்கா போன் பண்ணினா.

"டேய், உனக்குப் போட்டாச்சு, சரி. இவனுக்கு எப்படா வரும்? வந்தா போடலாமா, வேண்டாமா? நீதானே சயின்ஸ் குரூப்பு, படிச்சுட்டு சொல்லு."

'இவன்'ங்கிறது அக்கா பையன். அப்போ ரெண்டரை வயசு. அக்காவோட பயத்துக்குக் காரணம் இருந்தது. 2021 ஏப்ரல், மே மாசத்துல ரெண்டாவது அலை எங்க தெருவையே ஒரு உலுக்கு உலுக்கிட்டுப் போயிருந்தது. அது அடங்குறதுக்குள்ள "மூணாவது அலை குழந்தைகளைத்தான் அடிக்கும்"னு ஒரு செய்தி எல்லா வாட்ஸ்அப் குரூப்புலயும் சுத்த ஆரம்பிச்சது. அந்த ஜூன் மாசமே எய்ம்ஸ் இயக்குநரா இருந்த ரன்தீப் குலேரியா, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லைன்னு சொல்லிட்டார். அந்த வீடியோ எங்க ஃபேமிலி குரூப்புக்கு வரவே இல்ல. வதந்தி மட்டும் ஏழு தடவை வந்தது.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சேன். ஆறு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். இப்ப ஃபைனல் இயர்ல உட்கார்ந்து அதைத் திரும்பக் கேட்டா பாதி தப்பு. மீதிப் பாதியில, சொல்ல வேண்டிய ஒரே ஒரு முக்கியமான விஷயத்தை விட்டிருக்கேன். ப்ராபபிலிட்டி பேப்பரை அரியர் இல்லாம தாண்டிட்ட தைரியத்துல, அந்த மெசேஜைத் திருத்தி எழுதுறேன்.

பூஜ்யம்னா பூஜ்யமா?

அக்கா முதல்ல கேட்டது "சேஃபாடா?"ன்னுதான். எல்லா அம்மாவும் முதல்ல கேட்கிறது இதுதான். நான் அன்னைக்குச் சொன்ன பதில்: "ட்ரையல்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம்."

இது உண்மைதான். ஆனா எத்தனை பேர் இருந்த ட்ரையல்? கோவாக்சினை 2 முதல் 18 வயது வரை உள்ள சுமார் 525 பேருக்குப் போட்டுப் பார்த்தாங்க. 12–18, 6–12, 2–6ன்னு மூணு குரூப். அதாவது அக்கா பையன் வயசுல இருந்தவங்க ஏறக்குறைய 175 பேர். பெரிய பக்கவிளைவு எதுவும் பதிவாகல.

இங்கதான் நம்ம செமஸ்டர் கணக்கு ஒண்ணு உதவுது. ஒரு பக்கவிளைவு வர்ற வாய்ப்பு p. n பேருக்குப் போட்டு ஒருத்தருக்குமே வராம இருக்கிற வாய்ப்பு (1−p) அடுக்கு n. இது 5 சதவீதத்துக்குக் கீழ போகாத வரைக்கும் அந்த p-யை நாம ஒதுக்கித் தள்ள முடியாது. மடக்கை எடுத்துப் பார்த்தா, 0.05-க்கு இயல் மடக்கை கிட்டத்தட்ட மைனஸ் 3. அதனால p-யோட மேல் எல்லை 3-ஐ n-ஆல வகுத்தா வர்றது. புள்ளியியல்காரங்க இதுக்கு 'மூணு விதி'ன்னே பேர் வெச்சிருக்காங்க. எக்ஸாம்ல ரெண்டு மார்க்குக் கேள்வியாக்கூட வராது. ஆனா ஒரு அம்மாவோட கேள்விக்கு இதை விட நேர்மையான பதில் எனக்குத் தெரியல.

மொத்தம் 525 பேர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைன்னா, உண்மையான ஆபத்து அதிகபட்சம் 175 பேர்ல ஒருத்தருக்குன்னு இருந்தாலும் இந்த ட்ரையலுக்கு அது தெரியாமப் போகலாம். 2–6 வயசு குரூப்பை மட்டும் எடுத்தா 58 பேர்ல ஒருத்தர்.

ஐயோன்னு பயந்துடாதீங்க. 58-ல ஒண்ணுங்கிறது ஆபத்தோட அளவு கிடையாது, நமக்கு அப்போ தெரியாம இருந்ததோட அளவு. கோவாக்சின் செத்த வைரஸை வெச்சுச் செய்றது. போலியோ ஊசி காலத்துல இருந்தே பழகிப்போன முறை. பெரியவங்களுக்கு அதுக்குள்ள கோடிக்கணக்குல போட்டாச்சு. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா அந்த எல்லை ரொம்பக் கீழ இறங்கும். அப்படித்தான் 12–18க்கு 2021 டிசம்பர்ல அவசர அனுமதி கொடுத்தாங்க. அதே ட்ரையல்ல சின்னக் குழந்தைகளும் இருந்தாங்க, ஆனா அவங்களுக்கு அப்போ அனுமதி வரல. நான் அன்னைக்கு இதைக் கேட்டுட்டு "கவர்மென்ட்டு லேட் பண்றாங்க"ன்னு அக்காகிட்ட சொன்னேன். இப்ப அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஃபைசர் 5–11 வயசுக்கு நடத்துன ட்ரையல்ல நிஜ ஊசி போட்டுக்கிட்டவங்க 1,517 பேர். அதே கணக்குப்படி எல்லை சுமார் 500-ல ஒண்ணு. அமெரிக்காவுல 2021 நவம்பர் தொடக்கத்துல அந்த வயசுக்கு ஊசி ஆரம்பிச்சு, டிசம்பர் 19-க்குள்ள 87 லட்சம் டோஸ் போட்டுட்டாங்க. எல்லாரும் பயந்த இதயத் தசை அழற்சி, அவங்களோட புகார்ப் பதிவுல வந்து, சரிபார்த்து உறுதியானது 11. அதாவது ஏழு வாரத்துல 'தெரியாதது' அவ்வளவு சுருங்கிடுச்சு. இப்படிச் சுருக்குறதுக்கு யாரோ முதல்ல கை நீட்ட வேண்டியிருக்கு. அந்த முதல் 87 லட்சத்துல நம்ம வீட்டுப் பிள்ளை இருக்கணுமா, அடுத்த 87 லட்சத்துல இருந்தா போதுமான்னுதான் அக்கா நிஜமா கேட்டது. கேட்ட அவளுக்கும் அது தெரியாது, பதில் சொன்ன எனக்கும் தெரியாது.

இந்தப் பயம் வெறும் கற்பனைன்னு யாராவது சொன்னா 2009-ஐ ஞாபகப்படுத்துங்க. பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம். அது வயசானவங்களை விட இளசுகளை அதிகமாத் தாக்குன நோய், அதனால குழந்தைகளுக்கு ஊசி போட்டது அந்த நேரத்துல நியாயமான முடிவு. ஸ்வீடன்ல ஜனத்தொகையில கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் பாண்டம்ரிக்ஸ்ங்கிற ஊசி போட்டுக்கிட்டாங்க. 2010 ஆகஸ்ட்ல ஸ்வீடன், பின்லாந்து ரெண்டு நாட்டுலயும் டாக்டர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிச்சாங்க: ஸ்கூல் பிள்ளைங்க பட்டப்பகல்ல, பேசிக்கிட்டிருக்கும்போதே தூங்கி விழுறாங்க. நார்கோலெப்சி. மூளையில விழிப்பைக் காக்கிற ஒரு சின்ன செல் கூட்டம் அழிஞ்சுபோறதால வர்ற நோய், வந்தா ஆயுசுக்கும் போகாது. பின்லாந்துல 4–19 வயசுல ஊசி போட்டவங்கள்ல ஏறக்குறைய 16,000 பேருக்கு ஒருத்தர்னு கணக்கு வந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேர் உள்ள ட்ரையல்ல 16,000-ல ஒண்ணு எப்படிக் கண்ணுல படும்?

முடிவு எடுத்தவங்க முட்டாள்களும் இல்ல, திருடங்களும் இல்ல. கண்டுபிடிச்சதும் மறைக்கவும் இல்ல. அப்படியும் அது நடந்தது.

குழந்தைங்கிறது குட்டி மனுஷன் இல்ல

சின்னவங்களுக்கு ஊசி லேட்டா வர்றதுக்கு இன்னொரு காரணம் டோஸ். ஃபைசர்ல 12 வயசுக்கு மேல 30 மைக்ரோகிராம். 5–11க்கு 10. ஆறு மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் வெறும் 3. பாராசிட்டமால் சிரப்பை எடை பார்த்துக் குறைக்கிற மாதிரிதானேன்னு தோணும். அப்படி இல்ல. சின்ன வயசுல எதிர்ப்பாற்றல் வேற மாதிரி வேலை செய்யும். கொஞ்சம் கூடினா காய்ச்சல், கொஞ்சம் குறைஞ்சா பலனே இல்ல.

2021 டிசம்பர்ல அதுதான் நடந்தது. 3 மைக்ரோகிராம் ரெண்டு டோஸ் போட்டுப் பார்த்தா, ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கு எதிர்பார்த்த அளவு எதிர்ப்பாற்றல் வந்தது. 2–4 வயசுக்கு வரல. மூணாவது டோஸையும் சேர்த்தாங்க. 2022 பிப்ரவரி 15-க்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கூட்டம் வெச்சிருந்தது, நாலு நாள் முன்னாடி ஒத்திவெச்சாங்க. கடைசியா அனுமதி கிடைச்சது ஜூன் 17-ல. அங்க இருந்த அம்மா அப்பாக்கள் எவ்வளவு கத்தியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா அரைகுறை டோஸை அவசரமாப் போட்டு, அது வேலை செய்யலைன்னு பின்னாடி தெரிஞ்சிருந்தா, அடுத்த ஊசிக்கு யார் வருவாங்க?

பத்து லட்சத்துக்கு ரெண்டு

ஆபத்தை மட்டும் பார்த்தா கணக்கு பாதிதான். பலன் எவ்வளவு?

இதை மூடி மறைக்காம நம்பர் போட்டுப் பேசினது பிரிட்டன்காரங்க. 2021 செப்டம்பர் 3-ல அவங்களோட தடுப்பூசி ஆலோசனைக் குழு ஒரு அட்டவணை வெளியிட்டது. 12–15 வயசு, உடம்புல வேற நோய் எதுவும் இல்லாத பிள்ளைங்க. பத்து லட்சம் பேருக்கு முதல் டோஸ் போட்டா, ஐசியு வரைக்கும் போகாமக் காப்பாத்தப்படுறவங்க சுமார் 2 பேர். அதே ஊசியால இதயத் தசை அழற்சி வரக்கூடியவங்க 3-ல இருந்து 17 பேர். ரெண்டாவது டோஸ்ல அது 12-ல இருந்து 34. இந்த அழற்சி வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சீக்கிரமே சரியாகிட்டாங்க, அதனால ஐசியுவையும் இதையும் ஒண்ணுக்கு ஒண்ணு வெச்சு எடை போடக்கூடாது. பலன் கொஞ்சம் அதிகம்தான், ஆனா எல்லாருக்கும் போடுங்கன்னு சொல்ற அளவுக்கு இல்லைன்னு குழு சொன்னது.

பத்து நாள் கழிச்சு, செப்டம்பர் 13-ல, நாலு நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரிகளும் சேர்ந்து ஒரு டோஸ் போடலாம்னு முடிவெடுத்தாங்க. என்ன மாறிச்சு? நம்பர் மாறல. அவங்க ஸ்கூலையும் கணக்குல சேர்த்தாங்க. ஒரு பையனுக்கு வந்தா வகுப்பே வீட்டுல உட்காரணும், அது பிள்ளைங்களோட படிப்பையும் மனசையும் கெடுக்குதுன்னு சொன்னாங்க. தமிழ்நாட்டுல 1 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைங்க 2021 நவம்பர் 1-ல தான் திரும்ப ஸ்கூல் வாசலைப் பார்த்தாங்க, கிட்டத்தட்ட இருபது மாசம் கழிச்சு. அதனால இந்த வாதத்தை என்னால சும்மா தள்ளிவிட முடியல. ஆனா ஒண்ணு கவனிங்க: நம்ம ஊர்ல குட்டிப் பசங்களுக்கு ஊசி வர்றதுக்கு முன்னாடியே ஸ்கூல் திறந்துட்டாங்க, வானம் இடிஞ்சு விழல. ஸ்கூலைத் திறக்க ஊசி வந்தாகணும்ங்கிற நிபந்தனையை வெச்சது நோய் இல்ல, நாமதான்.

அந்த அட்டவணையில நான் 2022-ல கவனிக்காம விட்ட இன்னொரு வரி இருக்கு. ஏற்கெனவே பெரிய உடல்நலப் பிரச்சினை இருக்கிற பிள்ளைங்களுக்கு அந்த 2-ங்கிற எண் 100-க்கும் மேல. அம்பது மடங்கு. ஒரே வயசு, ஒரே ஊசி, ஒரே வைரஸ். 'குழந்தைகளுக்குப் போடணுமா'ன்னு மொத்தமாக் கேட்டா, இந்தக் குழந்தைகளோட பதிலும் அந்தக் குழந்தைகளோட பதிலும் கலந்து ஒரு சராசரி வரும். அந்தச் சராசரி ரெண்டு பேருக்குமே உதவாது. புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கிட்டிருக்கிற ஒரு நாலு வயசுக் குழந்தைக்கு 'வெயிட் பண்ணுங்க'ங்கிறது தப்பான பதில். என் வாய்ஸ் மெசேஜை அக்கா அவ ஃப்ரெண்ட்ஸ் குரூப்புக்கு வேற ஃபார்வர்ட் பண்ணியிருந்தா. அந்தக் குரூப்புல அப்படி ஒரு அம்மா இருந்தாங்களான்னு நான் கேட்கவே இல்ல.

பாட்டிக்காக பேரனுக்கு

எங்க வீட்டுல அடிக்கடி வந்த இன்னொரு வாதம்: "அவனுக்கு ஒண்ணும் ஆகாது, சரி. அவன்கிட்ட இருந்து அப்பத்தாவுக்கு வந்துட்டா?"

இது கேலி பண்ற வாதம் இல்ல. ரூபெல்லா ஊசியை ஆம்பளைப் பசங்களுக்கும் போடுறதே இதுக்காகத்தான். பசங்களுக்கு ரூபெல்லா வந்தா ரெண்டு நாள் தடிப்பு, காய்ச்சல், அவ்வளவுதான். கர்ப்பமா இருக்கிற பெண்ணுக்குத் தொத்தினா வயித்துல இருக்கிற குழந்தைக்குக் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கலாம். அடுத்தவங்களுக்காக நம்ம கையில ஊசி வாங்குறது நமக்குப் புதுசு கிடையாது.

ஆனா இந்த வாதம் நிக்கணும்னா ஊசி தொத்தை நிறுத்தணும். கோவிட் ஊசி ஆரம்பத்துல ஓரளவு நிறுத்துச்சு. ஓமிக்ரான் வந்ததும் கதை மாறிடுச்சு. நியூயார்க் மாநிலத்துல 5–11 வயசுப் பிள்ளைங்களைப் பார்த்தாங்க: தொத்தைத் தடுக்கிற திறன் 2021 டிசம்பர் நடுவுல 68 சதவீதம், ஜனவரி கடைசியில 12 சதவீதம். ஆஸ்பத்திரிக்குப் போகாமத் தடுக்கிற திறனும் இறங்கினாலும் 48-ல நின்னது. ஊசி போட்டுக்கிட்டவனைக் கொஞ்சம் காப்பாத்தும், பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அப்பத்தாவைப் பெருசாக் காப்பாத்தாது. அப்பத்தாவைக் காப்பாத்த நேர் வழி, அப்பத்தாவுக்குப் போடுறது. எங்க அப்பத்தா ரெண்டாவது டோஸுக்கு மூணு மாசம் சாக்குச் சொல்லிட்டுத் திரிஞ்சுது, அது தனிக் கதை.

அதே மாதிரி, பொறந்து ஆறு மாசம் ஆகாத குழந்தைக்குக் கோவிட் ஊசியே கிடையாது. அந்த வயசுல ஆபத்தும் மத்த குழந்தைகளை விட அதிகம். அவங்களுக்குப் பாதுகாப்பு அம்மா வழியாத்தான் வரணும். இந்தியாவுல கர்ப்பிணிகளுக்கு 2021 ஜூலை 2-ல அனுமதி கொடுத்தாங்க. குழந்தைக்கான முதல் கோவிட் ஊசி உண்மையில அதுதான். அதைப் பத்தி எங்க குரூப்புல ஒரு ஃபார்வர்டு கூட வரல.

காலம் கடந்த கேள்வி

2021 ஜூன், ஜூலையில ஐ.சி.எம்.ஆர். நடத்துன நாலாவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு, 70 மாவட்டம். 6–9 வயசுல 57.2 சதவீதம் பேர் ரத்தத்துல, 10–17ல 61.6 சதவீதம் பேர் ரத்தத்துல கோவிட் எதிர்ப்பொருள் இருந்தது. இந்தியாவுல அப்போ எந்தக் குழந்தைக்கும் ஊசி போட ஆரம்பிக்கல. அதாவது பாதிக்கு மேல ஏற்கெனவே வந்துட்டுப் போயிருக்கு, பல வீட்டுல சளின்னு நினைச்சு கஷாயம் கொடுத்ததோட சரி. அதுக்கப்புறம் ஓமிக்ரான் வேற வந்தது. அமெரிக்காவுல 2022 பிப்ரவரிக்குள்ள 11 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல 75 சதவீதம் பேருக்கு வந்துட்டுப் போன தடயம் இருந்தது. குட்டிங்களுக்கான ஊசி வந்தது ஜூன்ல.

அதனாலதான் நாடுகளோட முடிவு ஒண்ணுக்கொண்ணு மாறி இருந்தது. கியூபா 2021 செப்டம்பர்லயே 2 வயசுல இருந்து சொந்த ஊசியைப் போட்டது. ஸ்வீடன் 2022 ஜனவரியில 5–11க்குப் பொதுவாப் பரிந்துரைக்கிறதில்லைன்னு முடிவு பண்ணுச்சு. டென்மார்க் போட்டுப் பார்த்துட்டு, 2022 ஜூலை 1-ல இருந்து 18-க்குக் கீழ பொதுவாக் கொடுக்கிறதை நிறுத்திடுச்சு. இந்தியாவுல 12–14க்கு மார்ச் 16-ல கோர்பிவாக்ஸ் வந்தது. அதுக்குக் கீழ ஏப்ரல்ல அனுமதி கொடுத்தாங்க, ஆனா அரசுத் திட்டத்துல சேர்க்கல. இதுல ஒருத்தர் சரி, மத்தவங்க தப்புன்னு எனக்குத் தோணல. எல்லாரும் ஒரே கணக்கை வேற வேற தேதியில போட்டிருக்காங்க.

ஆக, அக்கா பையனுக்குக் கோவிட் ஊசி விஷயத்துல என் முடிவு: ஆரோக்கியமான ரெண்டரை வயசுக் குழந்தை, இந்தியா, 2022 ஜனவரி – காத்திருந்தது சரி. அதே வைரஸ் 2009 மாதிரி சின்ன வயசைக் குறிவெச்சு வந்திருந்தா, காத்திருங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. ட்ரையல்ல 175 பேர்தான்னாலும் வரிசையில நிக்கச் சொல்லியிருப்பேன்.

அட்டையில ஒரு காலிக் கட்டம்

இப்ப, விட்டுப்போன அந்த விஷயம்.

2022 நவம்பர். நான் ஃபர்ஸ்ட் இயர், ஹாஸ்டல். மும்பையில, குறிப்பா கோவண்டி பக்கம், தட்டம்மை பரவுதுன்னு நியூஸ். பத்துக்கும் மேல குழந்தைங்க செத்துட்டாங்க. கோவிட்ல இல்ல. 60 வருஷமா ஊசி இருக்கிற தட்டம்மையில.

தட்டம்மை பரவுற வேகத்துக்கு முன்னாடி முதல்ல வந்த கோவிட் ஒண்ணுமே இல்ல. யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத இடத்துல ஒருத்தர்கிட்ட இருந்து 12-ல இருந்து 18 பேருக்குத் தொத்தும். 1-ல இருந்து 18-ல ஒரு பங்கைக் கழிச்சா 94 சதவீதத்துக்கு மேல வருது. அத்தனை பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தாத்தான் அது நிக்கும். 2021-ல உலகம் முழுக்க 2.5 கோடி குழந்தைங்க வழக்கமான முத்தடுப்பு ஊசியையே தவறவிட்டதா உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்னாங்க. ஊரடங்கு, பஸ் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போனா கோவிட் வந்துடுமோன்னு பயம், நர்ஸுங்க எல்லாம் கோவிட் டூட்டியில. காரணம் எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான்.

அந்த நியூஸ் படிச்சப்பதான் எனக்கு உறைச்சது. அக்கா பையன் பொறந்தது 2019 ஜூன். ஒன்பது மாசத்துல போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா முதல் டோஸ் 2020 மார்ச். ரெண்டாவது டோஸ் 16-ல இருந்து 24 மாசத்துக்குள்ள, அதாவது 2020 அக்டோபர்ல இருந்து 2021 ஜூனுக்குள்ள. ரெண்டும் ரெண்டு அலையில போய்ச் சரியா மாட்டியிருக்கு.

போன் பண்ணினேன். "அவன் ஊசி அட்டையை போட்டோ எடுத்து அனுப்புக்கா."

"எதுக்குடா இப்ப?"

"அனுப்பு, சொல்றேன்."

முதல் டோஸ் 2020 செப்டம்பர்ல, ஆறு மாசம் லேட்டாப் போட்டிருந்தது. ரெண்டாவது கட்டம் காலி. அதுக்குப் பக்கத்துல முத்தடுப்பு பூஸ்டரும் காலி, போலியோ பூஸ்டரும் காலி. மூணே கால் வயசு தாண்டிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் இன்னும் வராத ஒரு ஊசியைப் பத்தி ஒரு வருஷமாப் பேசிக்கிட்டிருந்தோம். இருக்கிற ஊசியை யாரும் பார்க்கல. அந்த ஆறு நிமிஷ மெசேஜ்ல "அவன் அட்டையை ஒரு தடவை பாருக்கா"ன்னு சொல்ல நாலு செகண்ட் போதும்.

இதுல எனக்கு இன்னும் கூச்சமா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2017 பிப்ரவரியில தமிழ்நாட்டுல தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தப்ப நான் ஏழாவதோ எட்டாவதோ. ஸ்கூல்ல போட்டாங்க. அப்பவும் வாட்ஸ்அப்ல வதந்தி, பாதி வகுப்பு அன்னைக்கு லீவு. எங்க அப்பா "ஃபார்வர்டுல வந்ததுக்கெல்லாம் பயப்படாதே, போ"ன்னு அனுப்பினார். அப்படி வளர்ந்த வீட்டுல, அந்த அட்டை பீரோவுக்குள்ள சும்மா கிடந்திருக்கு.

தட்டம்மை ஊசி தவறிப்போனா 5 வயசு வரைக்கும் அரசுத் திட்டத்துலயே போட்டுக்கலாம். நம்ம ஊர்ல புதன்கிழமைதான் ஊசி நாள். அடுத்த புதன் அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனா. திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே போயிருக்கா. நர்ஸம்மா அட்டையைப் பார்த்துட்டு, "கொரோனா டைம்ல விட்டதா? உங்களை மாதிரி நிறையப் பேர் வர்றாங்க, உட்காருங்க"ன்னு மட்டும்தான் சொன்னாங்களாம். பையன் அழுது ஊரைக் கூட்டிட்டானாம். அன்னைக்குச் சாயங்காலம் காய்ச்சல், அடுத்த நாள் சரியாப்போச்சு.

அவனுக்கு இப்ப ஆறு வயசு. கோவிட் ஊசி இதுவரைக்கும் போடல, போடலையேன்னு நான் கவலைப்படவும் இல்ல. அக்காவுக்கு ரெண்டாவது பாப்பா பொறந்து போன மாசம் ஒன்பது மாசம் முடிஞ்சது. புதன்கிழமை காலை 10:40-க்கு, நான் ப்ராஜெக்ட் ரிவ்யூல நிக்கும்போது, போன் அதிர்ந்தது. ஊசி அட்டையோட போட்டோ. தட்டம்மை–ரூபெல்லா முதல் கட்டத்துல தேதி, நர்ஸம்மா கையெழுத்து. கீழ அக்கா ஒண்ணும் எழுதல.